கண்ணு தொறக்கல சார்

பக்கத்து வீட்டில் குடியிருந்த ஒரு பெண்ணுக்கு நான் இரண்டு பொய்களால் தீங்கு செய்தேன். ஒன்று, என் வீட்டு இன்டர்நெட் கம்பெனியை மாற்றியபோது அவரிடமே சொன்னது. மற்றது, அவருடைய மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது டாக்டரிடம் சொன்னது. முதல் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவதுக்குத் தேவை வந்திருக்காது. எனக்கு வயதாகிவிட்டது. இதை ஒருமுறையாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. பயந்த சுபாவம். தன் பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், நாம் என்ன தப்பு செய்தோம் என்றுதான் முதலில் யோசிப்பார்.

புதுவாயல் கூட்டுச்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், என் வீடும் அவர் வாடகைக்கு இருந்த வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். அந்தப் பக்கம் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் காலண்டர் ஆடும். அந்தச் சுவர் வழியாகத்தான் அவர் எனக்கு அறிமுகமானார். அவர் வீட்டு மிக்ஸி ஒருபோதும் ஒரே மூச்சில் ஓடி நின்றதில்லை. கொஞ்சம் ஓடும், நிற்கும். மறுபடி ஓடும், நிற்கும். மிக்ஸி பழுது என்றே நினைத்திருந்தேன். அப்போது உயிரோடிருந்த என் மனைவிதான் சொன்னாள்: "மிக்ஸி நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு நடுநடுவுல நிறுத்திட்டுக் காது குடுத்துக் கேக்குது."

எதைக் கேட்கிறார் என்றால், எல்லாவற்றையும். "இன்னா சத்தம் அது?" என்பது அவர் பேச்சில் பாதி. நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கையை உயர்த்தி நம்மை நிறுத்திவிடுவார். முகம் வேறெங்கோ போய்விடும். எங்காவது தட்டுமுட்டு உருண்ட சத்தமாக இருக்கும். "ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க" என்று திரும்பி வருவார்.

சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனை வரை போனவர், திரும்பி வந்து மறுபடி மூடுவார். மழை தூறினால் மின்கம்பத்துக்குப் பயந்து தெரு நடுவே நடப்பார். நடுவே நடந்தால் வண்டி வருமே என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். மகளை அழைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமாகப் போகும்போது ஒரு வழக்கம் உண்டு. லாரி வரும் சத்தம் கேட்டதும், ஒரு வார்த்தையும் பேசாமல், மகளின் கையைப் பிடித்துத் தன் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்வார். லாரிக்கும் மகளுக்கும் நடுவில் தான் நிற்பார். மகளுக்குப் பதினெட்டு வயதிருக்கும், அம்மாவைவிட உயரம். இருந்தாலும் அந்த மாற்றுதல் நின்றதில்லை.

ஒரு நாள் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு தொழிற்சாலையில் அபாய ஒத்திகை நடந்தது. சங்கு விட்டுவிட்டு ஒலித்தது. தெருவில் யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர் மட்டும் ஈரத் துண்டை மகள் முகத்தில் சுற்றி, இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினார். ஒத்திகை என்று தெரிந்து திரும்பி வந்தபோது எதிர்வீட்டு லேத்துப் பட்டறைக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாக்கா, கம்பெனிக்காரன் கேஸ் உட்டானா, இல்ல நீயே உட்டுட்டு பயந்து ஓடினியா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "சிரிங்க, சிரிங்க. ஷிப்டு சங்கு நீட்டா இழுத்துக்கினு போவும். இது வுட்டு வுட்டு அடிச்சிச்சி. ஒரு நாளு நெஜமா அடிக்கும். அன்னிக்கி நான் ஓடிக்கினு இருப்பேன், நீங்கள்லாம் சிரிச்சிக்கினு நிப்பீங்க."

அந்தக் கதையை நான் நடைப்பயிற்சி நண்பர்களிடம் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறேன், துண்டைச் சுற்றும் பாவனையோடு.

அவருடைய எல்லாப் பயத்துக்கும் அடியில் இருந்தது ஒரே பயம். மகளுக்குச் சிறுவயதிலிருந்தே வலிப்பு. தெருவில் 'பிட்ஸ்' என்பார்கள். மாத்திரையில் பல மாதம் அடங்கிக் கிடக்கும். பிறகு ஒரு நாள் சொல்லாமல் வரும். வந்து ஓய்ந்த பிறகு, தெளிவில்லாத ஒரு நிலையில் எழுந்து நடந்துபோவாள். அப்படி ஒருமுறை நெடுஞ்சாலைத் தடுப்பு வரை போய்விட்டாள். அவளுடைய அப்பா இறந்துவிட்டார். அம்மா கம்பெனி பஸ் ஏறிக் கும்மிடிப்பூண்டி போய் வந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

திருப்பாச்சூரில் இருக்கும் அவருடைய அக்கா ஒரு சின்ன கேமரா வாங்கிக் கொடுத்திருந்தார். முட்டையை நிறுத்திவைத்தது போல இருக்கும். அலமாரியில் வைத்து மகளின் பாயைப் பார்க்கத் திருப்பிவிட்டால், வீட்டில் நடப்பதைக் கைப்பேசியில் பார்க்கலாம். ஆனால் அதற்கு நெட் வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுக்க விடவில்லை. என் மனைவி எங்கள் வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள். பேரும் அவள் வைத்ததுதான், அவள் பிறந்த ஊரின் பெயர்.

"சார் கிட்ட ஒரு வார்த்தை கேக்க வாணாமாக்கா?"

"அவர் கிட்ட என்ன கேக்கறது, காத்துல போறதுதானே."

அந்தக் கேமராவை அவர் 'கண்ணு' என்பார். கம்பெனியில் கைப்பேசியை வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். வேலைக்கு நடுவே தொட முடியாது. டீ இடைவேளையில் மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்போது அவர் வாசலுக்கு ஓடுவார். பெட்டியைத் திறந்து கண்ணைப் பார்ப்பார். மகள் பாயில் உட்கார்ந்திருப்பாள், அல்லது தூங்குவாள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடுவார். ஏதாவது சரியில்லை என்று பட்டால் என் மனைவிக்குப் போன் செய்வார். அவள் போய்க் கதவைத் தள்ளிப் பார்ப்பாள். அதற்காகவே கதவு வெறுமனே சாத்தியிருக்கும். மனைவி போன பிறகு அந்தப் போன் எனக்கு வரத் தொடங்கியது. ஓரிரு முறை போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பைத் தேடி, வெயிலில் இறங்கி, தூங்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு வருவது எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் ஒரு தொழிற்சாலையின் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கைப்பேசியை வாசலில் வைக்கச் சொல்லும் விதியை என் காலத்தில் நானே எழுதியிருக்கிறேன். அந்த வேலையில் நான் தேர்ந்த ஒரு கலை உண்டு. இல்லை என்று சொல்லாமல் இல்லை என்பது. "பார்க்கலாம்", "மேலே கேட்க வேண்டும்", "சிஸ்டம் மாறிவிட்டது". இவற்றில் ஒன்றைச் சொன்னால் எதிரே நிற்பவர் கோபப்பட முடியாது. நன்றி சொல்லிவிட்டுக்கூடப் போவார்.

எங்கள் பழைய இன்டர்நெட் உள்ளூர் கேபிள்காரருடையது. கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு வரும் ஒயர். மழை வந்தால் போகும். உயரமாகச் சரக்கு ஏற்றிய லாரி வந்தால் போகும். போனது எனக்குத் தெரியும் முன்பே, அவர் வேலைக்குப் போகாத நாளாக இருந்தால், என் வாசலில் நிற்பார்.

"கண்ணு தொறக்கல சார். உங்க பொட்டில செவப்பு எரியுதா, கொஞ்சம் பாருங்களேன்."

"எரியுதும்மா. கேபிள்காரர் வந்து பாப்பார்."

"போன் போட்டீங்களா சார்? நாளிக்கி எனக்கு டூட்டி கீது."

நெட் என்னுடையதா அவருடையதா என்று எனக்கே சந்தேகம் வரும்படி இருக்கும் அந்தக் கேள்வி. வெளியூரில் இருக்கும் மகனோடு பேசும்போது படம் உறைந்து நிற்கும். அதற்கும் அந்தக் கண்தான் காரணம் என்று என் மனம் சொல்லும். வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அப்போதுதான் கூட்டுச்சாலையில் ஒரு புதுக் கம்பெனி குடை விரித்து இணைப்பு விற்றது. பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

பொருத்த வந்தவர் சன்னலோரம் துளையிட்டு, ஒயரை உள்ளே இழுத்து, வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டினார். எல்லாம் முடிந்ததும் கேட்டார்.

"வைஃபைக்குப் பேரு இன்னா வெக்கட்டும் சார்? பழைய பேரே வெச்சிடட்டுமா? பழைய பாஸ்வேர்டும் அப்டியே போட்டுட்டா, எல்லா போனும் தானா புடிச்சிக்கும். கம்பெனி மாறினதே அதுங்களுக்குத் தெரியாது."

எல்லாம் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்றால் எது எதெல்லாம் என்று எனக்குத் தெரியும். "வேண்டாம்பா, ரெண்டையும் புதுசா வை" என்றேன். என் மனைவி வைத்த பேர் அன்றோடு போனது.

மறுநாள் ஞாயிறு. அவர் வந்தார்.

"கண்ணு தொறக்கல சார்."

"புதுக் கம்பெனி மாத்திட்டேம்மா. சிஸ்டம் மாறிடுச்சு. இதுல ஒரு வீட்டுக்கு மட்டுந்தானாம். வெளி ஆளு யாராவது சேர்ந்தா லைனையே கட் பண்ணிடுவாங்களாம்."

அப்படி ஒரு விதியே கிடையாது. அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. என் பொருட்டுப் பயந்துபோனார். "ஐயய்யோ, வாணாம் சார். என்னால உங்களுக்குப் பேஜாரு வந்துடப் போவுது. நான் வேற வழி பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் பார்த்துக்கொண்ட வழி ஒரு பூட்டு. கண் இல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போக அவருக்குத் துணிவில்லை. மகள் மறுபடி நெடுஞ்சாலைக்கு நடந்துவிட்டால்? திங்களன்று காலை வெளியிலிருந்து கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். என்னிடம் சாவி கொடுத்துப் போகலாமா என்று கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆளாக நான் அதற்குள் இல்லாமல் போயிருந்தேன்.

அன்று முற்பகலில் டீ போட்டு எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். கைப்பேசி ஒலித்தது. அவர் பெயர். டீ இடைவேளை என்று புரிந்தது. பாஸ்வேர்டு கேட்கத்தான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. நின்று, மறுபடி ஒலித்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் ஒலித்து ஓய்ந்தது. இடைவேளை முடிந்திருக்கும் என்று நிம்மதி அடைந்தேன்.

அப்போது சுவரில் சத்தம் கேட்டது.

யாரோ குதிகாலால் உதைப்பது போன்ற சத்தம். சீராக, வேகமாக. கதவு தட்டும் சத்தமல்ல. மனிதர் விரும்பிச் செய்யும் சத்தமே அல்ல. காலண்டர் ஆடியது. அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் எழவில்லை.

ஏன் என்று இத்தனை காலமாக யோசிக்கிறேன். பயம்தான். எழுந்து போனால், போனை எடுக்காதது தெரிந்துவிடும். கண் ஏன் மூடியது என்று பேச்சு வரும். பாத்திரம் ஏதோ உருளுகிறது, தானாக நின்றுவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நிற்கவில்லை. ஆடும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான் எழுந்தபோது, வாய் வைக்காத டீயின் மேல் ஆடை படிந்து சுருங்கியிருந்தது.

வெளியே வந்து பூட்டைப் பார்த்த பிறகுதான் கத்தினேன். அவருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைப்பேசி மறுபடி பெட்டிக்குள் போயிருந்தது. பட்டறைக்காரர் இரும்புக் கம்பியோடு ஓடிவந்து கொண்டியை நெம்பினார். உள்ளே அந்தப் பெண் சுவரோரம் குப்புறக் கிடந்தாள். நெற்றியிலும் வாயிலும் ரத்தம். முன்பற்கள் உடைந்திருந்தன. உதடு நீலம் பாய்ந்திருந்தது. உடம்பு இன்னும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அலமாரியில் இருந்த முட்டைக் கேமரா எதையும் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "எவ்ளோ நேரமா இழுத்துச்சு? யார் மொதல்ல பாத்தது?"

பட்டறைக்காரர் என்னைக் காட்டினார்.

"சத்தம் கேட்ட உடனே ஓடினேன் டாக்டர். ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். ரொம்ப நேரம் இழுத்திருந்தா வேற மாதிரி பாக்கணும்."

"ரெண்டு நிமிஷந்தான்."

இதுதான் இரண்டாவது பொய். அதன்பின் அவர்கள் தாங்களாகவே சந்தேகப்பட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் பேச்சு பழையபடி வரவில்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே தேடி நிற்கிறாள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு விதமாக ஆகியிருக்குமா என்று எந்த டாக்டரையும் நான் கேட்டதில்லை. என்ன பதில் வரும் என்று பயம்.

அவர் ஊர் திரும்பியதும் என் வாசலுக்கு வந்து கும்பிட்டார்.

"நீங்க இல்லன்னா என் பொண்ணு இல்ல சார். அன்னிக்கி மனசே சரியில்ல. செவுத்தத் தட்டி, கொரலு குடுக்குதான்னு பாக்கச் சொல்லலாம்னுதான் போன் போட்டேன். நீங்க எடுக்கல, எங்கியோ வெளிய போயிருக்கீங்கன்னு நெனச்சேன். எப்டியோ காதுல வுழுந்துதே."

"எங்க சார் காதுதான் காது" என்றார் பட்டறைக்காரர். தெரு முழுக்க அப்படித்தான் பேசியது.

பேசாமல் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் செய்தேன். புதுக் கம்பெனிக்குப் போன் போட்டு, பொருத்தியவரையே வரவழைத்தேன். பழைய பேரும் பழைய பாஸ்வேர்டும் வேண்டும் என்றேன்.

"அன்னிக்கே சொன்னேனே சார்" என்றார் அவர்.

கண் தானாகத் திறந்துகொள்ளும், ஒரு வார்த்தையும் பேச வேண்டியிருக்காது என்று காத்திருந்தேன். என் கைப்பேசியில் அந்தக் கம்பெனியின் ஆப் ஒன்று இருக்கிறது. நம் நெட்டில் எந்தெந்தக் கருவி சேர்ந்திருக்கிறது என்று காட்டும். தினமும் பார்த்தேன். என்னுடையவை மட்டும் இருந்தன. அவர் கேமராவை ஏற்கெனவே கழற்றிக் கட்டி, கைப்பேசியிலும் வைஃபையை அணைத்து வைத்துவிட்டார் என்பது, அவர்கள் வீட்டைக் காலி செய்த அன்றுதான் தெரிந்தது. மகளைப் பார்த்துக்கொள்ள அக்கா இருக்கும் திருப்பாச்சூருக்கே போனார்கள். காக்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

அவர் போன பிறகு அவருடைய பழக்கம் எனக்கு வந்தது. சட்னி அரைக்கும்போது மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது வேறு ஆட்கள். அவர்கள் நாற்காலியை நகர்த்தினால் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆணி அடித்தால் வாசலுக்கு ஓடிவிடுகிறேன்.

போன ஆடியில் தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கி தெருவை அதிரவைத்துக்கொண்டிருந்தது. பழக்கத்தில் ஆப்பைப் பார்த்தேன். என்னுடையதல்லாத ஒரு கைப்பேசி சேர்ந்திருந்தது. அந்தப் பேரையும் பாஸ்வேர்டையும் அறிந்த வேறு கைப்பேசி உலகத்தில் ஒன்றுதான் இருந்தது.

வாசலுக்கு வந்தேன். கூழ் வாங்கிய தூக்கோடு அவர் நின்றிருந்தார். பக்கத்தில், என் கேட்டை ஒட்டி, மகள். அவர் கையில் கைப்பேசி. என்னைக் கண்டதும் பதறினார்.

"சார், நான் ஒண்ணுமே பண்ணல சார். அக்கா ஊட்டு நெட்டுக்காகப் போட்டு வெச்சிருந்தேன், உங்க ஊட்டாண்ட வந்ததும் தானா புடிச்சிக்கிச்சி. இதோ நிறுத்திட்டேன். உங்க லைன கட் பண்ணிட மாட்டாங்களே?"

நான் சொன்ன பொய்யை எனக்காக இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருந்தார்.

"அப்படி ஒரு ரூலே இல்லம்மா. நான் சொன்னது பொய்" என்றேன்.

"இன்னா சார்? ஸ்பீக்கர்ல கேக்கல."

அங்கேயே விட்டிருக்கலாம். ஒன்றுமில்லை என்றால் போயிருப்பார். பாட்டு முடியும்வரை காத்திருந்தேன். முடிந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். பேரை மாற்றச் சொன்னது, போனைக் கவிழ்த்து வைத்தது, சுவரில் சத்தம் கேட்டும் எழாதது, டாக்டரிடம் சொன்னது. என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அவர் தலையைச் சாய்த்து, மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்பாரே, அதுபோலக் கேட்டார்.

"எவ்ளோ நேரம் சார்?" என்றார்.

"டீ ஆறிப்போற வரைக்கும்மா."

"தாத்... தா" என்று மகள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அடுத்த பாட்டு தொடங்கியது. அவர் தூக்கை இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு, ஒரு வார்த்தையும் பேசாமல், மகளின் கையைப் பிடித்துத் தன் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, எனக்கும் அவளுக்கும் நடுவில் தான் நடந்து, தெருமுனை வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.